உழைப்புக்குக் கணக்கு வைக்காத பத்திரம்

1610-ஐ ஒட்டி அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரில் பறிமுதல் நிலத்தைப் பெற்ற ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் லண்டன் அரசுக்குச் சில வாக்குறுதிகள் தர வேண்டியிருந்தது. ஆயிரம் ஏக்கருக்கு வயது வந்த ஆண்கள் 24 பேரையாவது குடியேற்ற வேண்டும். அவர்கள் பத்துக் குடும்பங்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் காப்பு மதில் எழுப்ப வேண்டும். 2,000 ஏக்கர் பெற்றவர் மதிலுக்குள் கோட்டை வீடும் கட்ட வேண்டும். அந்த நிலத்தை ஐரிஷ்காரருக்குக் குத்தகைக்கு விடக் கூடாது. இத்தனை கெடுபிடிக்கும் நடுவே குடிகளின் பக்கம் நிற்கும் விதி ஒன்றும் இருந்தது. நினைத்தபோது வெளியேற்றிவிடலாம் என்ற நிலையில் குடியை வைக்கக் கூடாது. ஆண்டுக் கணக்கிலோ ஆயுள் கணக்கிலோ உரிமையை எழுதித் தர வேண்டும். குத்தகைத் தொகையையும் முன்கூட்டியே திட்டமாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த விதிக்குப் பின்னால் இருந்த சிந்தனையை அன்றைய அயர்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஜான் டேவிஸ் 1612-ல் புத்தகமாகவே எழுதினார். பழைய ஐரிஷ் தலைவர்கள் தங்கள் வீரர்களையும் குதிரைகளையும் குடிகளின் வீடுகளில் தங்க வைத்து, காசில்லாமல் தின்ன வைத்தார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்ற வரையறையே கிடையாது. நாளைக்கு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவன் கல்வீடு கட்டமாட்டான், பழமரம் நடமாட்டான் என்றார் டேவிஸ். நிலப் பறிமுதலை நியாயப்படுத்த எழுதப்பட்ட வாதம் இது. அந்த நோக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் உறுதி இல்லாத இடத்தில் முதலீடு வராது என்ற கணிப்பு சரியானது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தின் குத்தகை முறையை அந்த அளவுகோலாலேயே எடைபோட்டுப் பார்க்கலாம்.

நிறைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அயர்லாந்துக் குத்தகைகள் பெரும்பாலும் நீண்டவை. 21 ஆண்டு, 31 ஆண்டு, அவற்றுக்கும் மேலாக மூன்று உயிர்க் குத்தகை. பத்திரத்தில் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள். அவர்களில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை செல்லும். அதனால் விவரமறிந்தவர்கள் தங்கள் சிறு பிள்ளைகளின் பெயரை எழுதினார்கள். இன்னும் சிலர் அரச குடும்பத்து இளவரசர்களின் பெயரை எழுதினார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்பதில் யாருக்கும் தகராறு வராது. ஓர் உயிர் போனால் ஒரு தொகை கட்டி வேறு பெயரைச் சேர்த்து, என்றென்றும் புதுப்பித்துக்கொள்ளும் வகையும் பரவலாக இருந்தது. புதுப்பிக்கத் தவறியவர்கள் மோசடி ஏதும் செய்யாதவரை அவர்களின் உரிமை பறிபோகாதபடி 1780-ல் டப்ளின் பாராளுமன்றம் சட்டமும் இயற்றியது. உயிர்க் குத்தகையைச் சட்டம் உடைமை உரிமையின் ஒரு வகையாகவே (freehold) கருதியது. போதிய மதிப்பிருந்தால் அதை வைத்திருப்பவருக்கு வாக்குரிமையும் கிடைத்தது. 1708 முதல் டப்ளினில் ஆவணப் பதிவகம் இயங்கியது. அன்றைய ஐரோப்பாவில் பல நாட்டு உழவர்கள் கனவிலும் காணாத பிடிமானம் இது.

குத்தகைதாரரின் கடமைகளுக்கு வருவோம். மே மாதத்திலும் நவம்பரிலுமாக ஆண்டுக்கு இரு தவணை பணம் கட்ட வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கொழுத்த கோழிகள் கொடுக்க வேண்டும். ஆளோடும் குதிரையோடும் வந்து பண்ணையாரின் அறுவடையிலோ, கரி நிலத்தில் வெட்டிய எரிகட்டிகளைச் சுமப்பதிலோ குறித்த நாட்கள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். தானியத்தைப் பண்ணையாரின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அவர் நடத்தும் நீதிமன்றத்துக்கு வந்து நிற்க வேண்டும். குத்தகைதாரர் செத்தால் வீட்டிலுள்ள மாடுகளில் சிறந்ததைப் பண்ணையார் ஓட்டிச் செல்லலாம். ஆரம்பக் காலப் பத்திரங்களில் ஆயுதம் வைத்திருக்கும் கடமையும் சேர்ந்திருந்தது. எந்த ஐரிஷ் தலைவனின் வசூலை டேவிஸ் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தாரோ, அதன் சாயல் இதில் தெரிகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இங்கே கோழிக்கும் நாளுக்கும் எண்ணிக்கை உண்டு. காலப்போக்கில் பலர் இவற்றைப் பணமாக மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

எண்ணிக்கைக்குள் அடங்காத கடமை வேறொன்று. அதுதான் உண்மையான சிக்கல். வேலி போட வேண்டும், வரப்புப் பள்ளம் தோண்ட வேண்டும், பழத்தோட்டம் வைக்க வேண்டும், புகைபோக்கியோடு கல்வீடு கட்ட வேண்டும், சுண்ணாம்பு இட்டு நிலத்தைத் தேற்ற வேண்டும் என்று பத்திரங்கள் கேட்டன. குத்தகை முடியும் நாளில் இவை அத்தனையும் நல்ல நிலையில் பண்ணையாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இங்கிலாந்தில் வீட்டையும் களஞ்சியத்தையும் வேலியையும் பெரும்பாலும் நில உடைமையாளர் தன் செலவில் அமைத்துத் தந்தார். அயர்லாந்தில் அந்தச் செலவு பொதுவாகக் குடியின் தலையில் விழுந்தது. ஆனால் குத்தகை முடிந்தபின் அதன் மதிப்பு யாருக்கு என்று கேட்டால், ஒரே பதில்: மண்ணோடு சேர்ந்தது மண்ணுக்குரியவருக்கு.

ஆகவே நீண்ட குத்தகையிலும் கடைசி ஆண்டுகள் நஞ்சாக மாறின. இன்னும் ஐந்து ஆண்டுதான் என்று தெரிந்தவர் புல்வெளியை உழுதார், மேல்மண்ணைச் சீவி எரித்து அந்தச் சாம்பலில் விளைந்த மட்டும் விளைச்சலை எடுத்தார், வேலியைக் கவனிக்காமல் விட்டார். பண்ணையார்கள் இதற்குத் தண்டனை ஷரத்துகளை எழுதினார்கள்: கடைசி ஆண்டுகளில் உழுதால் ஏக்கருக்கு இவ்வளவு கூடுதல் என்று. அவர்களுடைய பயம் பொய்யில்லை. சாரம் போன நிலத்தைத் திரும்பப் பெற்று நட்டப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஷரத்து நோயை விட்டுவிட்டு அறிகுறியை அடித்தது. இன்னும் மோசம், பல இடங்களில் உழவே கூடாது, மேய்ச்சல் மட்டும் என்று முழுத் தடையாக வளர்ந்தது. 1720-ல் எழுத்தாளர் ஜானதன் ஸ்விஃப்ட் ஐரிஷ் உற்பத்திப் பொருள்களுக்காக எழுதிய பிரசுரத்தில் இந்தத் தடையைச் சாடினார். 1720-களின் இறுதியில் தானியப் பஞ்சம் நாட்டை வாட்டியது. பின்னால் வந்த அந்தப் பஞ்சத்தை நினைத்தால் அவருடைய கோபம் வெறும் அரசியலாக எனக்குப் படவில்லை.

இதற்குத் தீர்வு அந்தக் காலத்துக்குத் தெரியாதா? தெரிந்திருந்தது. ஒரே ஒரு பொருள் விஷயத்தில் பாராளுமன்றமே செய்து காட்டியது. பத்திரங்கள் வழக்கமாக நிலத்திலுள்ள எல்லா மரத்தையும், கனிமத்தையும், கல் வெட்டும் இடத்தையும், வேட்டை விலங்கையும் பண்ணையாருக்கென்று ஒதுக்கிவிடும். நட்டவன் நீயானாலும் வெட்ட உனக்கு உரிமை இல்லை என்றால் யார் நடுவார்? காடழிந்த நாட்டில் மரம் நடச் சொல்லிப் போட்ட பழைய சட்டங்கள் பலன் தரவில்லை. 1765-ல் வந்த சட்டம் வேறு வழியை எடுத்தது. குத்தகைதாரர் தான் நட்ட மரங்களைச் சத்தியக் கடுதாசியோடு மாவட்ட அலுவலரிடம் பதிவுசெய்துகொண்டால், குத்தகை முடியும்போது மரமோ அதன் மதிப்போ அவருக்கே சேரும். பல மாவட்டங்களில் பதிவேடுகள் நிரம்பின. மரத்துக்குச் செய்யத் தெரிந்ததை வீட்டுக்கும் வேலிக்கும் வடிகாலுக்கும் ஏன் செய்யவில்லை? அந்தப் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நில உடைமையாளர்கள். மரம் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. மற்றவை அவர்களுக்கு ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன.

நாட்டில் பெரும்பான்மையாக இருந்த கத்தோலிக்கருக்கு இந்தக் குறையோடு சட்டத்தின் பகையும் சேர்ந்தது. 1704-ன் சட்டப்படி அவர்கள் 31 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எடுக்க முடியாது. உயிர்க் குத்தகைக்கு இடமே இல்லை. குத்தகைத் தொகையும் நிலத்தின் ஆண்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. இந்தக் கடைசி விதியின் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. முன்னேற்றத்துக்கு ஈடு இல்லாத முறையில் குடிக்கு இருந்த ஒரே ஆறுதல், நான் வீடு கட்டுகிறேன், நீ தொகையைக் குறைத்துக்கொள் என்று பேரம் பேசுவதுதான். மலிவான குத்தகையே சட்டவிரோதம் என்று ஆனபோது அந்தப் பேரமும் மூடப்பட்டது. மீறியதைக் கண்டுபிடித்து வழக்குப் போடும் புராட்டஸ்டன்ட் அந்தக் குத்தகையைத் தனக்கே எடுத்துக்கொள்ள 1709-ன் சட்டம் வழி செய்தது. 1778 வரை இந்த வரம்புகள் நீடித்தன.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் குணத்தைத் தவணை விஷயத்திலும் காணலாம். புதிதாக வரும் குடியிடம் முதல் அரையாண்டுத் தொகையை உடனே கேட்காமல் நிலுவையில் விட்டுவைப்பார்கள். கையில் முதல் இல்லாதவருக்கு அது உதவிதான். ஆனால் அந்த நிலுவை தீர்க்கப்படாமல் ஆண்டுக் கணக்கில் நீளும். அவர் எப்போதும் பாக்கிக்காரர். பண்ணையாரின் முகவருக்கு மனம் கோணும் நாளில் மாட்டை ஓட்டிப் பட்டியில் அடைக்கச் சட்டம் துணை நின்றது.

நீண்ட குத்தகை எடுத்தவர் எல்லோரும் உழுதவர்களும் இல்லை. மலிவாக எடுத்து, துண்டு துண்டாக உள்குத்தகை விட்டு வாழ்ந்த இடைத்தரகர்களை 1770-களில் நாட்டைச் சுற்றிப் பார்த்த ஆங்கில வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங் கடுமையாகத் தாக்கினார். அந்த இடைத்தரகர்களுக்கு அடியில் இருந்த குடிசைக் கூலிகள் ஒரு துண்டு உருளைக்கிழங்கு நிலத்துக்காக உழைப்பையே குத்தகையாகக் கொடுத்தார்கள். அவர்களிடம் பெரும்பாலும் பத்திரமே இல்லை. பண்ணையார் தந்த பாதுகாப்பு நடுவிலேயே தங்கிப்போனது. உள்குத்தகைத் தடை ஷரத்துகள் ஏட்டில் இருந்தன, அமல்படுத்தியவர் குறைவு.

1770-ஐ ஒட்டி அல்ஸ்டரின் ஆன்ட்ரிம் பகுதியில் டொனகால் பிரபுவின் பெரும் பண்ணையில் பல குத்தகைகள் ஒரே சமயத்தில் முடிந்தன. புதுப்பிக்கப் பெருந்தொகை கேட்கப்பட்டது. கட்ட முடியாதவர்களின் நிலத்தைப் பணம் படைத்தவர்கள், பெல்ஃபாஸ்ட் வணிகர்கள் உட்பட, எடுத்துக்கொண்டார்கள். தந்தையும் தாத்தனும் வேலி கட்டிய நிலம் கைமாறியது. எஃகு நெஞ்சர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்ட உழவர்கள் கால்நடைகளை முடமாக்கினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1770 டிசம்பரில் பெல்ஃபாஸ்டுக்குள் கூட்டமாக நுழைந்து காவலில் இருந்த தோழர் ஒருவரை மீட்டார்கள். இவர்கள் பத்திரம் இல்லாத ஏழைக் கூலிகள் இல்லை. குடியேறிய புராட்டஸ்டன்ட் உழவர்களின் வழிவந்தவர்கள். நல்ல பத்திரம் வைத்திருந்தவர்களே கலகம் செய்தார்கள் என்பதுதான் இந்த முறைக்கு எதிரான மிக வலுவான சாட்சி.

அதே அல்ஸ்டரில் பத்திரத்துக்கு வெளியே ஒரு வழக்கம் வளர்ந்திருந்தது. குத்தகையை விட்டுச் செல்பவர் தன் உழைப்பின் மதிப்பை வரப்போகிறவருக்கு விற்கலாம். பண்ணையார் அதைத் தடுக்கமாட்டார், பழைய பாக்கியை அந்தப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்வார். ஊரின் ஒப்புதலும், மீறினால் வரும் கலகத்தின் பயமும் மட்டுமே அதற்குக் காவல். ஒரு பண்ணையில் தாராளமாக இருந்தது, பக்கத்துப் பண்ணையில் சுருங்கியது. 1870-ல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் நிலச் சட்டம் அந்த வழக்கத்துக்குச் சட்ட வலு கொடுத்தது. அந்த வழக்கம் இல்லாத பகுதிகளில் வெளியேற்றப்படும் குடி தான் செய்த மேம்பாட்டுக்கு ஈடு கேட்கலாம் என்றும் சொன்னது. டேவிஸின் புத்தகம் வெளிவந்து அப்போது 258 ஆண்டுகள் ஆகியிருந்தன.