கொலைச் சித்திரங்களும் நாமும்

நடந்த கொலைகளைச் சித்திரக் கதையாக்கி வெளியிடும் நூல்கள் உலகெங்கும் பெருகிவருகின்றன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் இளைஞர் அவற்றைப் புத்தகமாகவும் கைப்பேசியிலும் படிக்கின்றனர். “இவை மனத்தைக் கெடுக்கும், தொடாதீர்” என்பர் பெரியோர் சிலர். நாம் அதற்கு உடன்படோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் குஜிலிக் கடைகளில் சில காசுக்கு விற்ற கொலைச் சிந்துகளைப் பாடியும் கேட்டும் கண்ணீர் விட்டவர்கள் நம் முன்னோர். அதனால் அவர்கள் கொலைஞராகிவிடவில்லை. ஆகவே, படிக்கலாமா என்பதன்று கேள்வி; எவ்வாறு படிப்பது என்பதே கேள்வி.

எழுத்து, “என்று சொல்லப்படுகிறது” என ஐயத்திற்குச் சிறிது இடம் வைக்கும். சித்திரத்தில் அச்சொல்லுக்கு இடமில்லை. ஒருவன் கையில் ஓவியன் கத்தியை வரைந்த அப்பொழுதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. விசாரணையில்லை, மறுப்பில்லை, மேல்முறையீடும் இல்லை.

1888-ல் லண்டன் வொயிட்சாப்பலில் ஏழைப் பெண்கள் ஐவரைக் கொன்றவன் யாரென்று இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆலன் மூர் எழுதி எட்டி காம்பெல் வரைந்து, 1999-ல் ஒரே நூலாக வந்த ‘ப்ரம் ஹெல்’, அரசியாரின் மருத்துவர் சர் வில்லியம் கல் என்பவரைக் கொலைஞராக்கிக் காட்டுகிறது. எது ஆவணம், எது கற்பனை என்று ஆசிரியரே நூலின் பின்னிணைப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும், படம் முன்னே நிற்க, குறிப்பு பின்னே கிடக்கிறது. படத்தைப் பார்த்தவர் அனைவரும் குறிப்பைப் படிப்பரோ?

அமெரிக்க ஓவியர் டெர்ப் பேக்டெர்ப் வேறு வழி கொண்டார். பலரைக் கொன்ற ஜெப்ரி டாமர் அவருடைய பள்ளித் தோழன். 2012-ல் வெளிவந்த ‘மை பிரண்ட் டாமர்’ என்னும் நூலில், கொலைச் செயலை அவர் வரையவில்லை. குடியில் மூழ்கிய மாணவனையும், அதைக் கண்டும் காணாதிருந்த பெரியவர்களையும் வரைந்தார். இரத்தம் காட்டாமலே நம்மை நடுங்கச் செய்யும் இந்நூலையே நாம் மேலாகக் கருதுகிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1911 ஏப்ரல் 23-ந் தேதி இரவு, கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி எத்தெல் பிரௌட்லாக், தம் வீட்டுத் தாழ்வாரத்தில் வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். மானங் காக்கச் சுட்டதாக வாதித்தார். நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. சிலாங்கூர் சுல்தான் மன்னித்து விடுதலை அளித்தார். இதை மூலமாகக் கொண்டு சாமர்செட் மாம் ‘தி லெட்டர்’ என்னும் கதை புனைந்தார். 1940-ல் அது ஆலிவுட் படமாகவும் வந்து உலகப் புகழ் பெற்றது.

ஸ்டூவர்ட்டை அங்கே ஏற்றி வந்து, காத்திருந்து, வெடிச்சத்தம் கேட்டு, பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் ஒரு ரிக்‌ஷாக்காரர். புகழ்பெற்ற அக்கதையில் அவருக்கு இடமில்லை. சீனர் வருகின்றனர், ஆனால் கடிதத்தை விலைபேசும் சூழ்ச்சிக்காரராக! கண்டதைச் சொன்ன உழைப்பாளி மறைந்தார். சூதுசெய்யும் ஆசியர் பிறந்தார். உண்மையைத் தழுவிய கதை என்னும் பெயரால் நிகழ்ந்த அநீதி இது.

தோட்டத் தொழிலாளருக்கும் நகரத் தமிழருக்கும் இதில் பாடம் உண்டு. கறுத்த மேனியும் ஏழை உடையும் கண்டவுடன் குற்றவாளியென எண்ணும் பழக்கம் இந்நாட்டில் இன்றும் ஒழியவில்லை. அப்பழக்கத்திற்கு ஒரு கோட்டுச் சித்திரமும் துணைபோகும். எனவே, நூலை விரிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இப்படத்திற்குச் சான்று யாது? இறந்தவருக்குப் பெயரும் வாழ்வும் தரப்பட்டனவா? கண்ட சாட்சி எங்கே?

நம்மவருள் ஓவியம் வல்லார் 1911-ஆம் ஆண்டின் கதையை வரைய முன்வரட்டும். துரைசாணியின் கைத்துப்பாக்கியோடு தொடங்காமல், இருளில் தெருவோரம் காத்திருந்த ரிக்‌ஷாக்காரரின் முகத்தோடு தொடங்கட்டும்.