மாறுகொளக் கூறல்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ‘மாறுகொளக் கூறல்’ ஒன்று. திரைப்படத்திற்கும் அக்குற்றம் உண்டு. இடக்கையில் இருந்த கோல் அடுத்த காட்சியில் வலக்கைக்கு மாறினால் பொறுக்கலாம். காலக்கணக்கு மாறினால் கதையே தளரும்.

1996-இல் வந்த ‘இந்தியன்’ படத்துச் சேனாபதி, மலாயாத் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்த நேதாஜி படையின் வீரர். 1943-இல் அவருக்கு வயது 20 எனக் கொண்டாலும், ‘இந்தியன் 2’ வெளிவந்த 2024-இல் 101 ஆகும். அவரோ இளைஞர் பலரை அடித்து வீழ்த்துகிறார்! வர்மக்கலை வல்லார் நெடிது வாழ்வர் என்பாரும் உளர். வாழட்டும், முதுமை முகத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

முதற்படத்தில் அவர் சினத்திற்குச் சான்றாய் நின்றது அவர் கண்ட வரலாறு. அவ்வரலாற்றின் ஆண்டுகளை மறந்தபின் எஞ்சுவது வேடமே. அப்படையினர் மூத்து மறைந்ததைக் கண்ட மலாக்காத் தமிழர் இக்கணக்கை எங்ஙனம் ஏற்பர்?