விண்ணப்பத்தில் யார் பெயர்?

பல்கலைக்கழகம் ஊருக்குள் வந்து சிறுதொழில்களுக்குக் கணினியும் வடிவமைப்பும் கற்றுத் தரும் திட்டங்களில் 'தொழில்முனைவோர்' என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. ஆணா பெண்ணா என்று காட்டாத சொல். அதனாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் சென்னை ஐஐடி, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்ட் மூன்றும் சேர்ந்து 'சாரி' திட்டத்தைத் தொடங்கின. (தமிழ்க் காதுக்கு அது புடவையா மன்னிப்பா என்று பெயர் வைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.) ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கம்பியில்லா இணைப்பில், கிராமத்து ஆளே தன் தொழிலாக நடத்தும் இணைய மையங்கள். சான்றிதழ் விண்ணப்பம், மின்னஞ்சல், கணினிப் பயிற்சி எல்லாம் அங்கே கிடைத்தன. பெண்களும் மையம் நடத்தினார்கள்.

இத்திட்டத்தை ஆராய்ந்த மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் கண்டது: மையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், ஓரளவு வசதியான வீட்டினர். மையம் ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்பை ஒட்டி இருந்தபோது அவர்களும் கூடுதலாக வந்தார்கள். இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியம். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது போதவில்லை. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே யார் வருவார்கள் என்று முடிவுசெய்தது. பையன்கள் கூடி நிற்கும் கடைக்குச் சாயங்காலம் எந்தப் பெண் போவாள்? சில வருடங்களில், தொடர்ந்து தாங்கிப்பிடிக்க ஆளும் பணமும் இல்லாமல் பல மையங்கள் மூடப்பட்டன. ஆய்வுக் கட்டுரைகள் நின்றன.

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். இங்குள்ள மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாளை ஒரு கல்லூரி இங்கே வந்து முப்பரிமாண ஸ்கேனரும் கணினி செதுக்கு இயந்திரமும் இன்ஸ்டாகிராம் விற்பனையும் கற்றுத் தந்தால் நல்லதுதான். ஆனால் யாருக்கு? உளி பிடிப்பவருக்குச் சிற்பி என்று பெயர் உண்டு. வீட்டுப் பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பாலிஷ் ஏற்றுவதும் மனைவி, மகள் கையில் இருந்தால் அதற்கு 'ஒத்தாசை' என்று பெயர். ஒத்தாசைக்குச் சான்றிதழ் கிடையாது. புவிசார் குறியீடு ஒரு சமூகத்தின் உரிமை என்கிறோம்; ஆனால் அதில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' ஆகத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் யார் பெயர்?

ஒன்றிய அரசின் பிரதமர் விஸ்வகர்மா திட்டம் (2023) குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் உதவி என்கிறது. குலத்தொழிலை நிலைநிறுத்துகிறது என்று அதைத் தமிழ்நாடு எதிர்த்தது நியாயம். இந்த 'ஒருவர்' விதியையும் அதே குரலில் எதிர்த்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே பட்டறையில் உழைக்கும் வீட்டில் அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் சிக்கல். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை அது. கடுக்காய் பொறுக்குவதும் புளி உடைப்பதும் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் உழைப்பு. 'தொழில்' என்று பதிவாவது கீழே இறங்கியபின், வியாபாரியின் கடையில். அந்த வியாபாரி இணையத்தில் விற்கக் கற்றுக்கொண்டால் உள்ளூர்த் தொழில் நவீனமாகிவிட்டது என்று அறிக்கை எழுதலாம். வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள பெண்ணுக்கு அதில் ஒரு ரூபாய் கூடுமா? இந்தியாவில் எப்போதாவது இணையம் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21).

2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்து வீடுவீடாகக் கணக்கெடுக்கின்றன. படிவத்தோடு போகும் மாணவிகளில் பலர் இதே பட்டறை வீடுகளிலிருந்து, இதே மலையிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். தோழி, நீ அப்படிப் போகும்போது 'உரிமையாளர் பெயர்' என்ற கட்டத்துக்குக் கீழே பேனாவால் மூன்று கேள்வி சேர்த்துக்கொள்: இந்த வேலையில் கைவைக்கும் மற்றவர்கள் யார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், கூலி உண்டா? பதிலை அந்தப் பெண்ணிடமே கேள். திண்ணையில் இருப்பவரிடம் கேட்காதே.