கைரேகை வைத்தவர்களும் வைக்க மறுத்தவர்களும்

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூருக்கு, தறி வேலையையும் மில் வேலையையும் நம்பி மேற்கிலிருந்து வந்தவர்கள் பலர். செக்கானூரணி, உசிலம்பட்டி, சேடப்பட்டிப் பக்கம் அவர்களுக்கு ஊர். அந்தக் குடும்பங்களில் மூத்தவர்கள் பேச உட்கார்ந்தால் ரேகைச் சட்டம், ராதாரிச் சீட்டு, சாவடிப் படுக்கை என்ற சொற்கள் வந்து விழும். அரசு ஏடுகளில் ரேகைச் சட்டத்தின் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். காலனியாட்சி தங்களுக்கு என்ன செய்தது என்று பூர்வகுடி மக்கள் வாய்திறந்து சொல்வதும், அரசுகள் அதைக் கேட்டு ஒப்புக்கொள்வதும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கின்றன. மதுரைச் சீமைக்கு அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தால் அது முதலில் போய் நிற்கும் இடம் இந்தச் சட்டம்தான். இதைப் பற்றி இதுவரை யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், எது இன்னும் சொல்லப்படவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரை.

இந்தச் சட்டத்துக்குள் சிக்கிய பிரமலைக் கள்ளர்கள் சட்டப்படி பழங்குடியினர் பட்டியலில் இல்லை. எட்டு நாடும் இருபத்துநான்கு உபகிராமங்களுமாகத் தங்களை வகுத்துக்கொண்ட மக்கள் அவர்கள். புன்செய்யை உழுதார்கள், ஊர்க்காவல் பார்த்தார்கள். காவலுக்குக் கூலி உண்டு. களவு போனால் மீட்டுத் தரவோ ஈடு கட்டவோ காவல்காரர் கடமைப்பட்டவர். 19-ஆம் நூற்றாண்டில் கம்பெனியின் போலீஸும் கோர்ட்டும் இந்த உரிமையைச் சட்டத்துக்குப் புறம்பானதாக்கின. காவல் கூலி மிரட்டிப் பறிக்கும் பணமாகவும், காவல்காரர் திருடராகவும் பதிவேட்டில் ஏறினார்கள். 1895-ல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் மேலூர்ப் பக்கத்து நிலங்களை நனைத்தது. மேட்டுப்பாங்கான உசிலம்பட்டிக்கு அது ஏறவில்லை. பிழைப்பின் ஒரு காலைச் சட்டம் வெட்டியது. இன்னொரு காலை வறட்சி முடக்கியது.

1871-ல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தச்சர் பிள்ளை தச்சராவதுபோலக் குற்றவாளியின் பிள்ளை குற்றவாளியாகவே பிறக்கிறது என்பதே அதற்கு அடிப்படையான நம்பிக்கை. ஒரு சாதியை அரசு அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பதிவானவர் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும், இரவில் சாவடியில் ஆஜராக வேண்டும், ராதாரிச் சீட்டில்லாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கவும் அதில் இடமிருந்தது. மதுரை மாவட்டத்தில் இது முதலில் இறங்கியது சமணமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில், 1914-ல். 1918-க்குள் பிரமலைக் கள்ளர் அனைவரும் இதன் பிடிக்குள் வந்தார்கள். புதுமாப்பிள்ளையும் முதலிரவில் சாவடியில்தான் படுக்க வேண்டியிருந்தது என்ற கதையைச் சொல்லாத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளும் அவர்களில் ஒருவர். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். இது நடந்தது ஜாலியன்வாலாபாக்குக்கு ஓராண்டு கழித்து. அமிர்தசரசுக்கு ஹண்டர் குழு கிடைத்தது; அங்கே சுட்டவர் பொது விசாரணையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெருங்காமநல்லூருக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வழக்காடினார். அவரை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். செங்கன்னூரில் பிறந்த ஒரு மலையாளக் கிறிஸ்தவரின் பெயர் உசிலம்பட்டி வீடுகளில் நன்றியோடு சொல்லப்படுவதற்கு அதுவே காரணம்.

இனி இதைப் பற்றிய எழுத்துகள். முதல் அடுக்கு அதிகாரிகளுடையது. நெல்சனின் மதுரைக் கையேடு 1868-ல் வந்தது, முல்லாலியின் ‘குற்ற வகுப்பினர்’ பற்றிய குறிப்புகள் 1892-ல், தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909-ல். இவற்றை வெறும் பொய்யென்று ஒதுக்கிவிடக் கூடாது. சடங்குகள், வளரி என்ற எறி ஆயுதம், உறவுமுறை குறித்து அவற்றில் உள்ள செய்திகள் வேறெங்கும் எளிதில் கிடைக்கா. முல்லாலி போலீஸ் அதிகாரி. அவர் கண் சந்தேகத்தின் கண். தர்ஸ்டன் தலையை அளந்து மனிதரை வகைப்படுத்தியவர். பின்னால் வந்த சட்டம் சாய்ந்து நிற்கச் சுவர் கட்டிக் கொடுத்தவை இந்தப் புத்தகங்கள்.

இரண்டாம் அடுக்கு மானிடவியலாளர்களுடையது. சட்டம் நீங்கிய கையோடு இங்கே வந்து தங்கி ஆய்வு செய்த லூயி துய்மோன், 1957-ல் பிரெஞ்சில் வெளியிட்ட பெருநூல் இன்றும் இத்துறையின் அடிக்கல். தாய்மாமன் உரிமையும் குலதெய்வக் கோயில்களும் அவர் கண்ணை நிறைத்தன. அவர் பேசிய ஆண்களில் வயது வந்தவர் பலரும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை இரவுதோறும் ஆஜர் கொடுத்தவர்கள் என்ற உண்மைக்கு அந்த நூலில் உரிய கனம் இல்லை. அவ்வளவு கூர்மையான ஒருவரின் கண்ணில் அது பின்னணியாகவே தங்கிவிட்டது வருத்தம் தருகிறது. ‘குற்றப் பரம்பரை’ என்ற முத்திரையையே கேள்விக்கு உட்படுத்திய ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் கட்டுரை 1978-ல்தான் வந்தது. மீனா ராதாகிருஷ்ணாவின் 2001-ஆம் ஆண்டு நூல் இன்னொரு கதவைத் திறந்தது. உப்பையும் தானியத்தையும் மாட்டின் மேல் ஏற்றி ஊர் ஊராக வணிகம் செய்த குறவர்களின் பிழைப்பை உப்புக் கொள்கையும் ரயில் பாதையும் அழித்ததையும், அதே மக்கள் பிறகு ‘குற்றவாளி’ ஆக்கப்பட்டுச் சால்வேஷன் ஆர்மியின் குடியிருப்புகளில் கூலிகளாக அடைக்கப்பட்டதையும் அது காட்டியது. ஆனந்த் பாண்டியன் 2009-ல் எழுதிய நூல் கம்பம் பள்ளத்தாக்குக் கள்ளர்களைப் பற்றியது. திருத்தப்பட வேண்டியவர்கள் என்று ஆட்சியாளர் சொன்னதை அம்மக்களே உள்வாங்கி, உழவின் மொழியிலும் பழமொழிகளிலும் தங்களைத் தாங்களே எடைபோடத் தொடங்கியதை அது பேசுகிறது. இத்துறையில் எனக்கு மிக நெருக்கமான நூல் அதுவே. அவமானம் வெளியிலிருந்து வந்து எப்படி உள்ளே குடியேறுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்னவர் வேறில்லை.

மூன்றாம் அடுக்கு நம் நாவல்கள். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008-ல் வந்தது. 2011-க்கான சாகித்திய அகாடமி விருது பெற்றது. மதுரையின் கோட்டை இடிபட்டதும் காவல் பறிபோனதும் ரேகைச் சட்டம் வந்ததும் ஒரே கதையோட்டத்தில் சேர்ந்தது அதில்தான். வேல ராமமூர்த்தியின் ‘குற்றப் பரம்பரை’ இதே காயத்தை ராமநாதபுரத்துக் கரிசலில் வைத்துப் பேசியது. ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டில் செய்யாததை இந்த நாவல்கள் செய்தன. செல்லூரில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தன் தாத்தாவின் காலம் தெரிந்தது. தன்வரலாறு மட்டும் இங்கே வரவில்லை. மராட்டியில் லட்சுமண் மானேயும் லட்சுமண் கெய்க்வாட்டும் 1980-களிலேயே ‘உபரா’, ‘உச்சல்யா’ என்று தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதி அகாடமி விருதும் வாங்கினார்கள். சாவடியில் படுத்த ஒரு பிரமலைக் கள்ளரோ, அவர் திரும்பி வரும்வரை வீட்டில் விழித்திருந்த பெண்ணோ அப்படி எழுதிய புத்தகம் தமிழில் என் கண்ணில் படவில்லை. அந்தத் தலைமுறை ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது. ஒலிப்பதிவாவது செய்திருக்க வேண்டிய பல்கலைக்கழகம் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, கீழக்குயில்குடிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஆறுதல் என்று இங்கே என்ன நடந்தது? சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. முத்துராமலிங்கத் தேவரின் நெடுநாள் போராட்டத்துக்கு அதில் பெரும் பங்குண்டு. நாடு முழுவதும் நீங்கிய நாள் 1952 ஆகஸ்ட் 31. அதற்குள் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. சாதி போய்த் தனிமனிதர் என்று ஏட்டில் மாறினாலும், காவல் நிலையம் முதலில் தேடிப்போகும் தெரு மாறவில்லை. இச்சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினரைச் சிறைக் கையேடுகளில் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் 3 வரை ஆயிற்று.

கள்ளர் சீரமைப்புத் துறையின் கதை இன்னும் சிக்கலானது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அதே ஆட்சி பள்ளிகள் திறந்தது, கூட்டுறவுச் சங்கம் அமைத்தது, நிலம் கொடுத்தது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துச் சென்ற உறைவிடப் பள்ளிகளைப் பற்றி அந்நாட்டின் உண்மை ஆணையம் 2015-ல் 94 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அங்கே பள்ளி என்ற சொல்லே காயம். இங்கே மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூற்றுக்கு நெருக்கமான கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை மக்கள் தங்கள் சொத்தாகக் காக்கிறார்கள். 2023 நிதிநிலை அறிக்கையில் அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தபோது உசிலம்பட்டி எதிர்த்து நின்றது. அடக்குவதற்காகத் திறந்த பள்ளியை, தங்கள் சொந்தப் பள்ளியாக அந்த மக்கள் மாற்றிக்கொண்டார்கள். வெளிநாட்டு அளவுகோலை அப்படியே இங்கே வைக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சாதிச் சான்றிதழ்ப் போராட்டத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 1979-ல் ஓர் அரசாணை ‘சீர்மரபினப் பழங்குடியினர்’ என்பதைச் ‘சீர்மரபினர் சமூகங்கள்’ என்று மாற்றியது. அதனால் மத்திய அரசின் கணக்கில் இவர்கள் இல்லாமல் போனார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2019-ல் 68 சமூகங்களுக்கும் இரட்டைச் சான்றிதழ் என்று முடிவானது: மாநிலத்துக்கு ஒரு பெயர், மத்திய அரசுக்கு ஒரு பெயர். 2008-ல் ரெங்கே ஆணையமும் 2018-ல் இதாதே ஆணையமும் அறிக்கை கொடுத்தன. நாடு முழுவதுமுள்ள சீர்மரபினருக்கும் நாடோடிச் சமூகங்களுக்கும் சேர்த்து ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாய் என்ற மத்தியத் திட்டம் 2022-ல் வந்தது. கோடிக்கணக்கான மக்களுக்கு அந்தத் தொகை எம்மாத்திரம்! இந்த வரிசை முழுக்கச் சலுகையைப் பற்றியது. ‘நாங்கள் செய்தது அநியாயம்’ என்று எந்த அரசும் சொன்ன ஒரு வாக்கியம் இதில் இல்லை. 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பெருங்காமநல்லூரின் நூறாம் ஆண்டு நாளான 2020 ஏப்ரல் 3, கொரோனா ஊரடங்குக்குள் விழுந்தது. சொல்லியிருக்க வேண்டியவர்களுக்கு அது ஒரு சாக்காகக்கூடத் தேவைப்படவில்லை.

இந்தத் துறை தயங்கி நிற்கும் இடத்துக்கு வருகிறேன். 1896-வாக்கில் திண்டுக்கல் பகுதியில் கள்ளர் காவலுக்கு எதிராக எழுந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. இடையர் முதலான உழவர்களும் மேய்ப்பர்களும். காவல் அவர்களுக்குப் பாரமாக இருந்தது. நூறாண்டு கழித்து, 1996 முதல் 2006 வரை, பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் அங்கிருந்த கள்ளர்கள் தேர்தலே நடக்கவிடவில்லை. மீறித் தேர்தல் நடந்தபோதும், வென்றவர்கள் பதவியேற்ற கையோடு விலக வைக்கப்பட்டார்கள். 2006 அக்டோபரில், உதயச்சந்திரன் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்தபோதுதான் அந்த ஊர்களில் தலைவர்கள் தேர்வாகிப் பதவியில் நிலைத்தார்கள். ரேகைச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த ஊர்கள்தாம் இவையும். பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது என்னவென்று உடம்பால் அறிந்தவர்கள் அதையே பக்கத்துத் தெருவுக்குச் செய்தார்கள். பெருங்காமநல்லூரைப் பேசும் நூல்களில் பாப்பாபட்டி வருவதில்லை. பாப்பாபட்டியைப் பேசும் கட்டுரைகளில் பெருங்காமநல்லூர் வருவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணியும் நூலுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

குறவர்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். பிரமலைக் கள்ளர்களுக்கு எண்ணிக்கை பலம், கட்சிகள், நாவலாசிரியர்கள், நினைவுத் தூண் எல்லாம் உண்டு. அதே சட்டத்தில் அடிபட்ட குறவர்களும் ஒட்டர்களும் சிதறி வாழ்பவர்கள்; ஆண்டுதோறும் மாலை போட அவர்களுக்கு ஒரு பெருங்காமநல்லூர் இல்லை. 1993-ல் கடலூர் மாவட்டத்தில் காவலில் கொல்லப்பட்ட ராஜாகண்ணு குறவர். அந்த வழக்கிலிருந்து பிறந்த ‘ஜெய்பீம்’ 2021-ல் வந்தபோது படத்தில் அவர் இருளராகியிருந்தார். இருளர்களின் துயரமும் உண்மையானதுதான். ஆயினும் திருட்டுப் பழி சுமத்த ஏன் குறவர் தெருவுக்கே போலீஸ் போயிற்று என்ற கேள்விக்கு விடை 1911-ன் சட்டத்தில் இருக்கிறது, அந்த இழை படத்தில் அறுந்துவிட்டது. 1998-ல் வங்காளத்தில் புதன் சபர் காவலில் இறந்தபின் மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் சீர்மரபினர் உரிமைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அகமதாபாத்தின் சாராநகர் இளைஞர்கள் புதன் பெயரில் நாடகக் குழு அமைத்துத் தங்கள் தெருக்கதையைத் தாங்களே நடித்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு குறவர் குடியிருப்பிலிருந்து அப்படி ஒரு குழு வர நாம் என்ன செய்தோம்?

உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ரேகைப் பதிவேடுகள், ராதாரிச் சீட்டுகள், 1920 துப்பாக்கிச் சூடு பற்றிய கடிதப் போக்குவரத்து ஆகியவற்றில் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட ஆவண அறைகளிலும் எஞ்சியிருப்பவற்றை வகைப்படுத்தி, நகலெடுத்து, அந்தந்த ஊருக்கே கொடுக்கலாம். ஆய்வாளர் அடையாள அட்டை இல்லாத ஒரு பேத்தி உசிலம்பட்டி நூலகத்தில் உட்கார்ந்து தன் தாத்தாவின் பெயரைத் தேட முடிய வேண்டும். பதிவேட்டில் கள்ளர் பெயருக்கு அடுத்த பக்கத்தில் குறவர் பெயரும் இருக்கும். சில ஊர்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உள்ளூர் மணியக்காரரின் பெயரும் இருக்கும். அதையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும்.