வாயில் வைத்தும் கடிக்காத கலை

புதுச்சேரியின் சாரம் பகுதியில் காமராஜர் சாலையை விட்டுக் குறுக்குத் தெரு ஒன்றில் திரும்பினால், கிரில் கதவுக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு லாப்ரடாரைப் பார்க்க வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை. 'லேப்' என்று வீட்டுக்காரர்கள் செல்லமாகச் சுருக்கி அழைக்கும் இந்த நாயைப் பற்றிச் சொல்லப்படுபவை இரண்டு: யாரையும் கடிக்காது, தண்ணீரைக் கண்டால் நிற்காது. இரண்டும் உண்மைதான். ஆனால் தண்ணீர் ஆசை அதற்குப் பிறவியிலேயே வந்தது. வாத்துக்குஞ்சு நீந்துவதைப் பாராட்டுவது போலத்தான் அதைப் பாராட்ட முடியும். கடிக்காத குணத்தை வெறும் சாதுத்தனம் என்று எடுத்துக்கொள்வதும் அதற்குச் செய்யும் குறைதான். வாயை ஆளத் தெரிந்த நாய் அது. விழுந்த பொருளின் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, சொல் வரும்வரை அசையாமல் இருந்து, நீந்திப் போய்க் கவ்வி, பல் பதியாமல் கொண்டுவந்து, எசமானின் உள்ளங்கையில் வைக்கிற அந்தத் தொடர் வேலையில்தான் இந்த இனத்தின் அழகெல்லாம் இருக்கிறது. வேட்டையே இல்லாத நம் ஊரிலும் அந்த வேலையைக் கற்றுக்கொடுக்காமல் லாப்ரடாரை அறிந்துகொள்ள முடியாது என்பது என் துணிபு.

பெயர் லாப்ரடார் என்றாலும் இதன் பூர்விகம் நியூஃபவுண்ட்லாந்து. கனடாவின் கிழக்குக் கோடியில், காட் மீனுக்குப் பேர்போன குளிர்ந்த தீவு. அங்கிருந்த மீனவர்கள் படகில் வைத்திருந்த, குட்டை மயிர் கொண்ட கறுப்பு நாயைச் செயின்ட் ஜான்ஸ் தண்ணீர் நாய் என்பார்கள். தூண்டிலிலிருந்து நழுவும் மீனைக் கவ்விவருவதும், கயிற்றின் முனையைக் கரைக்கு இழுத்துவருவதும் அதன் பிழைப்பு. உப்புமீன் ஏற்றிய கப்பல்களோடு அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தது. 1814-இலேயே பீட்டர் ஹாக்கர் என்ற வேட்டைப் பிரியர் இந்நாய்களைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். மால்ம்ஸ்பரி பிரபுவின் குடும்பமும் பக்ளூ பிரபுவின் குடும்பமும் அதைத் தம் பண்ணைகளில் பேணி வளர்த்தன. 1880-களில் முன்னவர் பின்னவருக்குக் கொடுத்த சில நாய்களில் நெட், ஏவான் என்ற இரண்டின் வழியாகத்தான் இன்றைய இனம் பெருகியது. 1903-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதை ஏற்றுக்கொண்டது. பிறந்த தீவில் ஆடுகளைக் காக்க வந்த சட்டமும் நாய்வரியும் மூத்த இனத்தை மெல்லத் தேய்த்துவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் அங்கே எஞ்சியிருந்தவை இரண்டு கிழட்டு ஆண் நாய்கள் மட்டுமே.

மீனவனுக்கும் துப்பாக்கிக்காரனுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. பல் பதிந்த மீன் விலை போகாது. சப்பிய காடை சமையலுக்கு ஆகாது. ஆகவே இரு தொழிலும் மிருதுவான வாயைத்தான் தேர்ந்தெடுத்தன. அடர்ந்த இரட்டை மயிர், விரலிடைச் சவ்வு, அடி பருத்த வால் எல்லாம் உடலில் தெரிகிற அடையாளங்கள். (தமிழில் நீர்நாய் என்றால் அது வேறு விலங்கு, ஆனால் லாப்ரடாரின் வாலுக்கு வளர்ப்பவர்கள் சொல்லும் உவமையும் அந்த நீர்நாயின் வால்தான்.) உடலில் தெரியாத அடையாளம், கிடைத்ததைத் தன்னுடையது என்று நினைக்காத மனம். நம் சிப்பிப்பாறையையும் கன்னியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அவை வறண்ட வெளிகளில் முயலைக் கண்ணால் கண்டு, காற்றாகப் பறந்து, தாமே முடிவெடுத்து, தாமே பிடிப்பவை. மனிதன் பின்னால் ஓடிவந்து சேர வேண்டும். அந்த ஓட்டத்தின் அழகுக்கு ஈடில்லை. லாப்ரடாரோ வேட்டை முடிந்தபின் வேலையைத் தொடங்குகிற நாய். துரத்துவதற்கு வேகம் போதும். கொண்டுவந்து கொடுப்பதற்கு உறவு வேண்டும்.

அந்த உறவைக் கட்டுவதற்கு ஏரி தேவையில்லை, துப்பாக்கியும் தேவையில்லை. சாரத்தின் நெருக்கமான மனைகளில் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே விடுகிற மூன்றடிச் சந்து போதும். இரண்டு மாதக் குட்டிக்கு முதல் பாடம் அங்கேதான். சந்தின் ஒரு முனை அடைத்திருக்க, திறந்த முனையில் நாம் தரையில் உட்கார்ந்து, சுருட்டிய காலுறை ஒன்றை உள்ளே போடுகிறோம். குட்டி பாய்ந்து எடுக்கும். எடுத்துக்கொண்டு ஓட அதற்கு நம் மடியைத் தவிர வேறு வழியில்லை. இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள்: வந்ததும் வராததுமாக வாயிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். கொண்டுவந்தால் பறிபோகும் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட குட்டி, மறுமுறை இரண்டடி தள்ளி நின்று பார்க்கும். பிறகு தொட்டுப் பிடிச்சு விளையாட்டுத்தான். பொருள் வாயில் இருக்கும்போதே முதுகைத் தடவிக் கொடுத்து, அதன் பெருமையை அது சற்று அனுபவிக்க விட்டு, அப்புறம் தாடைக்குக் கீழே கையை ஏந்தினால் தானாக விழும். துணியை இருபுறமும் பிடித்து இழுக்கிற விளையாட்டு இந்த நாய்க்கு ஆகவே ஆகாது; இறுகக் கடிக்கச் சொல்லிக்கொடுப்பது அதுதான். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பால்பல் விழுந்து ஈறு வலிக்கும் காலம். அப்போது கவ்வ வைத்தால் கவ்வுதலே வலியென்று மனத்தில் தங்கிவிடும். அந்த நாள்களில் எறிவதை நிறுத்திவிடுவதே பயிற்சி.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பயிற்சி ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று நாயின் காதில் யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழ் தாராளமாகப் போதும், ஓசை மட்டும் ஒன்றோடொன்று மோதக் கூடாது. 'எடு', 'கொடு' இரண்டையும் வைத்தால் தூரத்திலிருந்து கேட்கும் நாய்க்குக் கடைசி எழுத்து மட்டும்தான் போய்ச் சேரும். 'இரு', 'எடு', 'வா' என்று வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு நெடிலாக 'தா' என்று சொன்னால் 'வா'வோடு குழம்பும். கையை ஏந்துகிற சைகையே அங்கே சொல்லாகிவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை. பாட்டி 'உட்கார்' என்றும், பேரன் 'சிட்' என்றும், அப்பா 'ஒக்காரு' என்றும் சொல்கிற வீட்டில் நாய் கீழ்ப்படியவில்லை என்று யாரும் அதைக் குறை சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் மேலான பாடம் காத்திருப்பது. 'இரு' என்று சொல்லிவிட்டு டம்மியை எறிய வேண்டும். டம்மி என்பது கித்தான் துணிக்குள் மிதக்கும் பொருளை அடைத்துத் தைத்த உருளை. அது காற்றில் வளைந்து போய் விழும்போது நாயின் உடம்பெல்லாம் நடுங்கும், பின்னங்கால்கள் அழுந்தும், ஆனாலும் இடம்விட்டு எழாது. பத்து எறிதலில் நாலைந்தை நாமே நடந்து போய் எடுத்துவர வேண்டும். விழுந்ததெல்லாம் தனக்கென்று நாய் எண்ணிவிட்டால் காத்திருப்பு கெட்டுப்போகும். நாகசுரக்காரர் ஒரு சுரத்தில் நின்று கொடுக்கும் கார்வையைக் கேட்டவர்களுக்கு இந்த நடுக்கம் கலந்த அசைவின்மை புரியும். அந்த நிற்றலில்தான் அடுத்து வரப்போகும் பாய்ச்சலின் வேகம் சேர்கிறது. அதற்குப் பிறகு இரண்டு டம்மி, ஒன்று இடம், ஒன்று வலம். எது எங்கே விழுந்தது என்று நினைவில் வைப்பது. அதற்கும் பிறகு, விழுந்ததை நாய் பார்க்காத பொருள். நீண்ட ஒரு விசிலுக்கு அது தொலைவில் நின்று திரும்பி நம்மைப் பார்க்கும். நாம் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் போகும். தன் மூக்கை நூறு மடங்கு நம்பத் தகுந்த விலங்கு, மூக்கு இன்னும் எதையும் சொல்லாத நேரத்தில் மனிதனின் கையை நம்பிப் போகிறது. இந்தக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான் சொல்வேன்.

இப்படி அடக்கிப் பழக்குவது நாயின் இயல்பை ஒடிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அடித்துப் பழக்கினால் ஒடியும், சந்தேகமில்லை. பாஞ்சரி போலோவின் கதை இங்கே சாட்சி. 1915-இல் பிறந்த இந்தக் கறுப்பு லாப்ரடார் பல பயிற்சியாளர்களின் கைமாறி, அடிபட்டு, யாருக்கும் அடங்காதது என்று கைவிடப்படும் நிலையில் லோர்னா என்ற சீமாட்டியிடம் வந்து சேர்ந்தது. அவர் செய்ததெல்லாம் பொறுமையாக அதன் நம்பிக்கையைத் திரும்பப் பெற்றதுதான். களப் போட்டியிலும் கண்காட்சியிலும் பட்டம் பெற்ற முதல் லாப்ரடார் என்ற பெயர் அந்த நாய்க்கே கிடைத்தது. இழந்த நம்பிக்கை திரும்பிய பிறகும் அதே நாய், அதே வேகம், அதே பிடிவாதம். மாறியது பழக்கியவரின் கை.

இது சாப்பாட்டுக்கு ஆசைப்படும் நாய், பிஸ்கட் கொடுத்தால் எதையும் செய்யும், இதில் கலை எங்கே என்பது இன்னொரு கேள்வி. பெருந்தீனி உண்மைதான். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதற்கு மரபணுக் காரணமே கண்டார்கள்: பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதால் பசி அடங்குவதில்லை. நாலில் ஒரு லாப்ரடாருக்கு ஏறக்குறைய இது உண்டு. உதவி நாய்களாகப் பழக்கப்பட்டவற்றிலோ நாலில் மூன்றுக்கு. எளிதில் கற்பதற்கும் பசிக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கவ்விவரும் பாடத்தில் பிஸ்கட் எதிரியாகிவிடும். கையில் தின்பண்டத்தைக் கண்ட நாய் நாலடி தள்ளியே டம்மியைத் துப்பிவிடும். அங்கே கூலி, அடுத்த எறிதல் மட்டும்தான். வெடிகுண்டு தேடும் லாப்ரடார்களில் பலவும் கடைசியில் கிடைக்கப்போகும் ஒரு பந்துக்காகத்தான் மூட்டை மூட்டையாக மோந்து பார்க்கின்றன. உட்காரவும் இருக்கவும் சொல்லிக்கொடுக்கையில் தரும் தின்பண்டத்தை அன்றைய சோற்றிலிருந்து கழித்துவிட வேண்டும். இடுப்பு மூட்டு பலவீனம் இந்த இனத்தில் அதிகம், எடை கூடினால் நடையே போய்விடும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, வேட்டை இல்லாத ஊரில் வேட்டை நாய்ப் பயிற்சி எதற்கு என்பதுதான். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பறவை வேட்டை குற்றம். அப்படியே இருக்க வேண்டும். சாரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-இல் சரணாலயமாக அறிவித்தது. வலசை வரும் வாத்துகள் இறங்கும் அந்த நீரில் நாயை இறக்குவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆனால் சிலம்பம் கற்பவர் எவரும் போருக்குப் போவதில்லை. போர் போன பிறகும் கம்பின் சுழற்சி நின்றுவிடவில்லை. பிரிட்டனிலேயே ஒரு பறவையும் சாகாமல் கித்தான் உருளைகளை மட்டும் வைத்து நடத்தும் போட்டிகள் உண்டு. துப்பாக்கியை நீக்கிவிட்டால் இந்த வேலையில் குறைவது எதுவுமில்லை. குறித்தல், காத்தல், கவ்வல், கொடுத்தல் நான்கும் அப்படியே நிற்கின்றன.

நம் வெயிலுக்கு இது ஏற்ற நாயா, நாட்டு நாய் இருக்க இது எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. பெருமைக்காக வாங்கி மொட்டை மாடியில் கட்டிப்போடுவதாக இருந்தால் லாப்ரடார் வேண்டவே வேண்டாம். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான்; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கடலோரக் காற்றின் ஈரம் அந்த வழியையும் பாதி அடைத்துவிடும். கத்திரி வெயிலில் பயிற்சி என்றால் விடிவதற்குள், லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் நடக்க வருபவர்கள் கூடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சூடு என்று மயிரை மழித்துவிடுவதும் தவறு. உள்மயிர் தோலை வெயிலிலிருந்தும் காக்கிறது. தண்ணீர்ப் பயிற்சிதான் இந்த ஊரில் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

ஆனால் எந்தத் தண்ணீர்? புதுச்சேரிக் கடலின் அலையும் இழுப்பும் கற்றுக்குட்டிக்கு ஆகாது. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து வயல்களின் பம்புசெட் தொட்டி நல்லது. ஆனால் ஏறிவரப் படியோ சரிவோ வேண்டும், செங்குத்துச் சுவரில் நாயால் ஏற முடியாது. குட்டியைத் தூக்கிப் போடுவது மன்னிக்க முடியாத பிழை. நாம் முதலில் முழங்கால் அளவுக்கு இறங்கி நிற்க வேண்டும். அது தானே வரும். புதிதாக நீந்தும் நாய் முன்னங்காலால் தண்ணீரை அடித்துக்கொண்டு பின்பாகம் அமிழப் போராடும். பழகிய ஏதேனும் ஒரு நாய் கூட இறங்கினால் இரண்டே நாளில் முதுகு நேராகி வால் சுக்கானாகிவிடும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கும். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளாத நாய் குட்டையில் இறங்கக் கூடாது. கரையேறியதும் காது மடலைத் துடைக்க வேண்டும். இவை கைவேலை, சலிப்பானவை, தவிர்க்க முடியாதவை.

நீரிலிருந்து வெளியே வந்த நாய் உடனே செய்ய விரும்புவது உடம்பை உதறுவது. தலையில் தொடங்கி வால்வரை ஓடும் அந்த உதறலைத் தடுக்க அதன் உடம்பில் எந்த இடமும் சம்மதிக்காது. உதறும்போது வாய் தளரும். வாயில் இருப்பது கீழே விழும். அந்தக் காலத்தில் அப்படி விழுந்தது காயம்பட்ட வாத்தாக இருந்தால் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். அதனால் களப் பயிற்சியில் கடைசிப் பாடம், கொடுத்த பிறகே உதற வேண்டும் என்பது. முதல் நாள்களில் நாமே தண்ணீர் விளிம்புக்குப் போய், அதன் நாலு காலும் கரையேறுவதற்குள் வாங்கிக்கொள்கிறோம். மறுநாள் ஓரடி பின்னால், பிறகு இன்னும் ஓரடி. சில வாரங்களில் மதில் நிழலில் நாம் நிற்கிற இடம்வரை, காதிலும் கழுத்திலும் தண்ணீர் வழிய, அரிப்பைப் பொறுத்துக்கொண்டு நடந்துவந்து, ஏந்திய கையில் உருளையை வைத்து, கண்ணைப் பார்த்து, அதன் பிறகு நம்மையும் நனைத்துக்கொண்டு உதறும்.