குட்டிதான் வேண்டுமா?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தத்தெடுப்பு முகாம் எதற்காவது போய்ப் பாருங்கள். கம்பி அடைப்புக்குள் செய்தித்தாள் விரித்து ஏழெட்டுக் குட்டிகளை விட்டிருப்பார்கள். சுற்றிலும் குழந்தைகள். "அப்பா, அந்த பிரவுன் கலர்!" ஒரு படிவம், ஆதார் நகல், ஒரு செல்ஃபி. அரை மணி நேரத்தில் குட்டி காரில் ஏறிவிடும். மேசைக் காலில் கட்டிய கயிற்றின் மறுமுனையில், காது நுனியில் கருத்தடை வெட்டோடு, மூன்று நான்கு வயதுப் பெட்டை ஒன்று படுத்திருக்கும். அதன் பக்கம் குனிபவர்கள் குறைவு. தத்தெடுப்பு இயக்கத்தின் சாதனையும் கோளாறும் இந்த ஒரே இடத்தில் தெரிந்துவிடும்.

சாதனையை முதலில் சொல்லிவிட வேண்டும். 2003-இல் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியது. அதன் பிறகு நகரங்களில் பக் வளர்ப்பது மோஸ்தரானது. தட்டை மூக்குள்ள நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும், அதற்கே அதற்கு மூச்சுப் போதாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்து பனிநாட்டு ஹஸ்கி வந்து ஏசி அறைக்குள் அடைபட்டது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 இனங்களை இங்கே பெருக்கக் கூடாதென்று பட்டியலிட வேண்டி வந்ததற்கு இந்த மோகம்தான் காரணம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. எட்டு வாரம் என்றால் 56 நாள். சந்தையிலோ இன்றுவரை "நாற்பத்தைந்து நாள் குட்டி" என்பதுதான் கணக்கு. குட்டி சிறிதாக இருந்தால் விலை படியும், தீனிச் செலவும் தடுப்பூசிச் செலவும் வாங்குபவர் தலையில் விழும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கற்கும் வாரங்கள் அவை என்பது யாருக்கும் பொருட்டில்லை.

இந்தச் சந்தைக்கு எதிராகத்தான் "காசு கொடுத்து வாங்காதே, தத்தெடு" என்ற குரல் எழுந்தது. தெருநாயை வீட்டுக்குள் விட்டு சோபாவில் ஏற்றினால் அக்கம்பக்கம் சிரித்த காலம் உண்டு. இன்று அடுக்ககங்களில் "எங்களது இண்டி" என்று நாட்டு நாயைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கு ஏற்ற குட்டை முடி, நீண்ட மூக்கு, அளவான உடம்பு என்று நாட்டு நாய்க்கு இயற்கையே தந்த தகுதிகள் பல. ஈன்று ஈன்றே தேய்ந்துபோகும் தாய் நாயின் துயரமும் தத்தெடுப்பில் இல்லை. இதெல்லாம் உண்மையான வெற்றி.

ஆனால் எந்தச் சந்தையை எதிர்த்தார்களோ அதன் இரண்டு பழக்கங்களை இயக்கம் அப்படியே எடுத்துக்கொண்டது: குட்டியாகக் கொடுப்பது, முகம் பார்த்துக் கொடுப்பது. முகாமிலும் நாற்பத்தைந்து நாள் குட்டிகள் உண்டு. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்திருந்தால் வேறு வழியில்லை. தாய் உயிரோடு இருக்கும்போது என்ன அவசரம்? தகப்பன் யாரென்று தெரியாத குட்டி எவ்வளவு வளரும், எப்படிப்பட்ட குணத்தோடு வளரும் என்று அந்த வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்த குட்டிகளை ஒரே அடைப்பில், ஒரே செய்தித்தாளின் மேல் விடுகிறார்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மலத்தின் வழியே பரவுவது. தொற்றிச் சில நாள் வெளியே தெரியாது. முகாமில் துள்ளிய குட்டி அந்த வாரக் கடைசியில் டிரிப்ஸ் ஏற்றிய நிலையில் கால்நடை மருத்துவரின் மேசையில் கிடப்பது அப்படித்தான். தப்பித்து வளர்ந்தால், ஏழெட்டு மாதத்தில் செருப்பும் சார்ஜர் ஒயரும் போகும். "ஓனர் ஒத்துக்கலை", "பாப்பாவுக்கு அலர்ஜி" என்று போன் வருவது அந்தப் பருவத்தில்தான். கடுவன் குட்டிதான் வேண்டுமென்று கேட்பவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். கருத்தடை செய்துவிட்டால் பெட்டை குட்டி போடுமே என்ற கவலைக்கு இடமே இல்லை. ஆனாலும் பெட்டைகளே தேங்குகின்றன.

நாட்டு இனப் பெருமையையும் இங்கே தொட்டாக வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வந்தது. 2020-இல் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். அழிந்துகொண்டிருந்த இனங்களுக்கு நல்ல காலம்தான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் கரட்டுக் காட்டில் முயல் விரட்டி ஓடியவை. இரண்டாம் மாடி வீட்டில் இருபது நிமிட வாக்கிங் அவற்றுக்கு எந்த மூலைக்கு? ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வந்துவிடுகிறது. விற்பவரிடம் இதைக் கேட்பவரும் குறைவு, தானாகச் சொல்பவரும் குறைவு. பெருமைக்காக வாங்கியவை கட்டுப்படாமல் போகும்போது அவையும் கைவிடப்படுகின்றன.

என் கட்சி, வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு வளர்ந்த நாயே பொருத்தம் என்பது. அதன் உயரமும் குணமும் ஏற்கெனவே கண்முன் இருக்கின்றன. வெவ்வேறு நேரத்தில் இரண்டு முறையாவது போய்ப் பார்க்கலாம். கயிற்றைப் பிடித்துத் தெருவில் நடத்தி, ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் என்ன செய்கிறது என்று கவனிக்கலாம். சற்றுத் தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். எந்த நாயும் திடுக்கிடும். எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்து தட்டை மோந்து பார்க்கிறது என்பதில்தான் சேதி. தின்னும்போது உறுமுமா, தனியே விட்டால் ஊளையிடுமா, குழந்தைகளோடு இருந்திருக்கிறதா என்று பராமரிப்பவரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். குட்டி விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளே கிடையாது.

வளர்ந்த நாய் ஒட்டாது என்பார்கள். சோறு வைக்கும் அம்மாவின் ஸ்கூட்டிச் சத்தத்தைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டு ஓடிவரும் தெருநாயைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பயம் தெளிய மூன்று நாள், பழக மூன்று வாரம், தன் வீடென்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகத்துக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். அந்தப் பொறுமை வேண்டும்.

வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. எல்லாத் தெருநாயும் வீட்டுக்கு ஏங்கவில்லை. தன் தெருவில் நிம்மதியாகத் திரிந்த நாயை இரக்கப்பட்டுக் கொண்டுவந்து பால்கனியில் கட்டிப்போடுவது கொடுமை. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் தந்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வரக் கூடாது என்று சொன்னது. சரியான நிபந்தனைதான். ஆனால் தெருநாய்ப் பெருக்கத்துக்குத் தத்தெடுப்பு மருந்தாகும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்குக் கருத்தடையும் குப்பை மேலாண்மையும்தான் வழி. தத்தெடுக்க வேண்டியவை தெருவை இழந்த நாய்கள்: யாரோ வளர்த்துக் கைவிட்டவை, அடிபட்டுத் தேறியவை, தெருவில் பிழைக்கத் தெரியாதவை.

தத்தெடுப்புப் படிவங்கள் சொந்த வீடா, வாடகை வீடா என்று கேட்கின்றன. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும், மழையில் காலை ஆறு மணிக்கு யார் கூட்டிப் போவார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே என்று எத்தனை படிவம் கேட்கிறது? குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரிய வழிகாட்டுதல் இருப்பது உண்மைதான். வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாதென்று ஓனர் எழுதிய வரியை எதிர்க்க அது மட்டும் போதாது. இதையெல்லாம் பேசித் தீர்க்காமல் அன்றே குட்டியைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை முகாம்கள் நிறுத்த வேண்டும். வீட்டைப் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் வைத்திருந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒத்துவராவிட்டால் காப்பகமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வேகம் குறையும், எண்ணிக்கையும் குறையும். குறையட்டும்.

காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவரா நீங்கள்? குட்டி வேண்டாம். பகலில் யாராவது வந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால், கருத்தடை முடிந்த வளர்ந்த நாயைக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் உங்கள் தெருவில் இருக்கும் நாய்க்கு ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வீட்டு ஓனரின் சம்மதம் தேவையில்லை.