தலையை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

மழை விட்ட மாலையில் தெருவிளக்கைச் சுற்றுவதெல்லாம் ஈசல் அல்ல. ஈசல் கறையான் இனம். நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பே இருக்காது, உணர்கொம்பு நேராக இருக்கும். முன்னிறகு நீண்டு, பின்னிறகு குட்டையாகி, இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு நடுவில் மடங்கியிருந்தால் அது எறும்பு. விளக்கடியில் கிடப்பவர்களில் பலர் ஆண்கள். சின்னத் தலை, பெரிய கண், ஒல்லி வயிறு. கூடி முடித்தால் அவன் ஆயுளும் முடிந்தது. எறும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர் தேட வேண்டியது, இறகை உதிர்த்துவிட்டுச் சுவரோரம் பொந்து தேடி ஓடுகிற ஒருத்தியை.

புதிதாக இறங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். கட்டெறும்புக் கூட்டத்தில் பெரிய தலையும் தடித்த தாடையுமாகச் சில திரியும். பார்த்த மாத்திரத்தில் ராணி என்று டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அது வேலைக்காரிதான், கொஞ்சம் வாட்டசாட்டமானவள், அவ்வளவே. அவளை வைத்துக் கூட்டம் வளராது.

ஆகவே தலையை விட்டு முதுகுக்கு வாருங்கள். வேலைக்காரிக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே மெல்லிய வளைவு. ராணிக்கு அந்த இடத்தில் மூட்டை ஏற்றியதுபோல் புடைப்பு. பறப்பதற்கான தசை அத்தனையும் அதற்குள்தான். கைப்பேசிக் கேமராவில் ஒரு குட்டி லென்ஸை மாட்டி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வேலைக்காரியின் முதுகில் வெளிச்சம் ஒரே கோடாக வழுக்கும். ராணியின் முதுகிலோ தட்டுத் தட்டாக உடைந்து மின்னும். தட்டுகளுக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டு சிறு வடுக்கள் தெரியும். இறகு முறிந்த இடம் அது. நெற்றியில் முக்கோணமாக மூன்று புள்ளிக் கண்களும் இருக்கும். கட்டெறும்பு வேலைக்காரிக்கு அவை கிடையாது. இறகு இல்லாததாலேயே கூடியவள் என்று சொல்லிவிட முடியாது. கூடாமலே இறகை உதிர்ப்பவளும் உண்டு, இறகோடு முட்டையிடுபவளும் உண்டு.

அடுத்து இடுப்பு. ஒரு கணு என்றால் கட்டெறும்பு, முசுறு போன்றவை. இரண்டு கணு என்றால் நெருப்பெறும்பு வகையறா. ஒரு கணுவும், வயிற்று நுனியில் மயிர் சூழ்ந்த சிறு வட்டத் துளையும் இருந்தால் அவள் கொட்டுகிற ஜாதி இல்லை, அமிலம் பீய்ச்சுகிற ஜாதி. வெறும் நிறத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள்.

இந்த இலக்கணத்துக்கு அடங்காதவையும் நம் மண்ணில் உண்டு. டையகம்மா என்ற கறுப்பு எறும்புக் கூட்டத்தில் ராணி என்ற பிறவியே இல்லை. வேலைக்காரிகளில் ஒருத்தி கூடி முட்டையிடுவாள். முசுறு வேஷம் போட்ட சிலந்தியும் மாமரத்தில் உலவும். காலை எண்ணினால் எட்டு! 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களைப் படுத்தியெடுத்த மஞ்சள் எறும்புக்கோ ஒரே கூட்டில் பல ராணிகள். கூட்டின் ஒரு பகுதி பிரிந்து போனாலே புதுக்கூடு கிளம்பிவிடும். அதைத் தொடவே வேண்டாம். வேறெந்த ராணியானாலும் பிடித்த ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவது தப்பு; புற்றைத் தோண்டுவது அதைவிடத் தப்பு.

வீட்டில் ஒரு சோதனைக்குழாய் போதும். அடியில் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கட்டெறும்பு ராணிக்கு இந்த நாட்களில் தீனி தேவையில்லை. எந்த முதுகை வைத்து அவளை அடையாளம் கண்டோமோ, அதற்குள் இருந்த பறக்கும் தசை கரைந்துதான் குஞ்சுகளுக்கு ஆகாரமாகிறது. ஓடு அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு தீர்ந்துகொண்டே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

கூட்டுப்புழுப் பருவம் வந்ததும் இன்னொரு தடயம் கிடைக்கும். கட்டெறும்புக் குஞ்சு பழுப்புப் பட்டு உறைக்குள் தூங்கும். இரண்டு கணு நெருப்பெறும்பின் குஞ்சு உறையில்லாமல் வெறுமனே கிடக்கும். முசுறும் அப்படித்தான், ஒரு கணு இருந்தும். அதன் புழு சுரக்கும் பட்டெல்லாம் இலை தைக்கவே போய்விடுகிறது.

அவசரம் இதில் ஆகாது. இங்கிலாந்தில் ஜான் லப்பக் வளர்த்த ராணி ஒன்று 14 ஆண்டுகளுக்கு மேல் இருந்து 1888இல் இறந்தது. ஹெர்மன் அப்பெல் வைத்திருந்த கறுப்புத் தோட்ட எறும்பு ராணி 28 ஆண்டுகளைத் தாண்டியது. முதலில் வெளிவரும் வேலைக்காரிகள் அரைப்பட்டினியில் வளர்ந்தவர்கள், இனத்தின் வழக்கமான அளவைவிடச் சிறியவர்கள். அவர்களைப் பார்த்து முழுப் பெயரை எழுதிவிடாமல் குழாயில் இப்போதைக்குப் பிடித்த தேதியையும் இடத்தையும் மட்டும் ஒட்டி வையுங்கள். கூட்டம் பெருகிப் பெரிய தலைக்காரிகள் வந்த பிறகு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.